இடிந்த கோயிலுக்கு இன்றும் துக்கம்

ஆடி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் கெட்டிமேளச் சத்தம் அடங்கிவிடும். கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். புது வீடு பார்த்து வைத்திருப்பவர்கள்கூட, "ஆவணி வரட்டும்" என்று பால் காய்ச்சுவதைத் தள்ளிப் போடுவார்கள்.

ஏறக்குறைய இதே நாட்களில் இன்னொரு சமூகத்தாரும் கல்யாணத்தை நிறுத்தி வைக்கிறார்கள். முடி வெட்டிக்கொள்வதில்லை. பாட்டுக் கச்சேரிக்குப் போவதில்லை. புதுத் துணி உடுத்துவதில்லை. கடைசி ஒன்பது நாட்களில் மாமிசத்தையும் தொடுவதில்லை. ஒன்பதாம் நாள் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல், தரையில் உட்கார்ந்து ஒப்பாரி பாடுகிறார்கள். அவர்கள்தான் யூதர்கள்.

செத்தது யார்? மனிதர் யாரும் இல்லை. ஒரு கோயில். அது கடைசியாக இடிக்கப்பட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஆனாலும் நேற்று சாவு விழுந்த வீட்டைப் போல இன்றும் துக்கம் காக்கிறார்கள்.

இது எங்கோ தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மும்பையில் மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனில் இறங்கி, கைவண்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே சிறிது தூரம் நடந்தால் சாமுவேல் தெரு வரும். அங்கே 1796-ல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயம் இருக்கிறது. 'கருணை வாசல்' என்பது அதன் பெயரின் பொருள். அக்கம் பக்கத்தார் அதை 'ஜூனி மஸ்ஜித்', அதாவது பழைய மசூதி என்றே அழைத்து வந்தார்கள். ஸ்டேஷனுக்கு மஸ்ஜித் என்ற பெயர் வந்ததே இதனால்தான் என்று சொல்வோரும் உண்டு. ஆக, தினமும் அந்த வழியாக ரயிலில் போய்வரும் எத்தனையோ தமிழர்கள் தம்மை அறியாமலே ஒரு யூதக் கோயிலின் பெயரை உச்சரித்துக் கொண்டிருக்கிறார்கள் போலும்!

ஒரே தேதி, இரண்டு இடிகள்

ஜெருசலேம் நகரில் சாலமன் மன்னன் கட்டிய கோயில் யூதர்களுக்கு ஒன்றே ஒன்றான கோயில். ஊருக்கு ஊர் கோயில் கட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மற்ற ஊர்களில் இருப்பவை கூடிப் பிரார்த்தனை செய்யும் ஜெப ஆலயங்கள் மட்டுமே. பலி செலுத்துவதற்கும் பண்டிகைக் காலங்களில் யாத்திரை போவதற்கும் ஜெருசலேம் ஒன்றுதான் இடம். சாலமனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் மயிலும் ஒன்று என்பார்கள். அதைக் குறிக்கும் 'துக்கி' என்ற எபிரேயச் சொல் தமிழின் 'தோகை'யிலிருந்து போனது என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அந்தக் கோயிலை கி.மு. 586-ல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படைகள் தீக்கிரையாக்கின. மக்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோயின. சுமார் எழுபது ஆண்டுகளுக்குப் பின், பாரசீக மன்னர்களின் அனுமதியோடு அதே இடத்தில் இரண்டாவது கோயில் எழும்பியது. அதுவும் நிலைக்கவில்லை. கி.பி. 70-ல் டைட்டஸ் தலைமையில் வந்த ரோமானியப் படை ஊரைச் சுட்டெரித்து, கோயிலையும் அழித்தது. கோயிலின் ஏழு கிளை விளக்கை ரோம் வீரர்கள் தோளில் சுமந்து போகும் காட்சியை ரோமாபுரியில் உள்ள டைட்டஸ் வளைவில் இன்றும் காணலாம்.

இரண்டு அழிவுகளும் ஒரே தேதியில் நேர்ந்தன என்பது யூதர்களின் மரபு. அந்தத் தேதி ஆவ் மாதம் ஒன்பது. எபிரேய மொழியில் 'திஷா பெ ஆவ்' என்பார்கள். அவர்களுடைய மாதங்கள் அமாவாசையை ஒட்டிப் பிறப்பவை. ஆகவே இது வளர்பிறை நவமியை ஒட்டி வரும். ஆங்கிலக் கணக்கில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவுக்குள், அதாவது ஏறத்தாழ முழுக்க முழுக்க நமது ஆடிக்குள் அடங்கிவிடும்.

அந்தத் தேதிமேல் யூதர்களுக்கு உள்ள மனக்கசப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ரோமானியரை எதிர்த்து நடந்த கடைசிக் கிளர்ச்சியின் கோட்டையான பெத்தார் 135-ல் வீழ்ந்ததும் இதே நாளில் என்பது மரபு. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு தம் நாட்டு யூதர்களை வெளியேற்ற ஆணையிட்டது 1290-ல் இதே நாளில். 1492-ல் ஸ்பெயின் நாட்டு யூதர்களுக்குக் கொடுத்த கெடு முடிந்ததும் இந்த நாளை ஒட்டித்தான். 1942-ல் வார்சா நகரத்து யூதர்களை நாஜிகள் ரயிலேற்றிக் கொலைக்களத்துக்கு அனுப்பத் தொடங்கியது இதற்கு முந்தின நாள். பழைய புண் ஆறும் முன்பே அதே இடத்தில் மறுபடி மறுபடி அடி விழுந்தது போல!

மூன்று வாரம்

துக்கம் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பே ஆரம்பமாகிறது.

ஆவ் மாதத்துக்கு முந்தியது தம்மூஸ் மாதம். அதன் பதினேழாம் நாள் ஜெருசலேமின் மதில் சுவர் உடைக்கப்பட்ட நாள். அன்று விடியலிலிருந்து இரவு நட்சத்திரம் தெரியும்வரை உபவாசம். அன்று தொடங்கும் மூன்று வாரத்துக்கு 'இடுக்கண்களின் நடுவே' என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. மதில் உடைந்தது, எதிரி உள்ளே வந்துவிட்டான், ஆனால் கோயில் இன்னும் நிற்கிறது. அந்தத் தவிப்பு நாட்களைத்தான் ஆண்டுதோறும் மறுபடி வாழ்ந்து பார்க்கிறார்கள்.

இந்த மூன்று வாரத்தில் கல்யாணம் கிடையாது. முடி வெட்டுவதில்லை. வாத்திய இசை கேட்பதில்லை. புதுத் துணி உடுத்தும்போதும், பருவத்தின் முதல் பழத்தைச் சுவைக்கும்போதும் கடவுளுக்கு நன்றி சொல்லும் ஒரு வாசகம் யூதர்களிடம் உண்டு. 'இந்த நாளைக் காண வைத்தாயே' என்ற கருத்துள்ளது. இந்த நாட்களைக் கண்டதற்கு எப்படி நன்றி சொல்வது? ஆகவே புதுத் துணியையும் புதுப் பழத்தையும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

எல்லா யூதர்களும் ஒரே மாதிரி அனுஷ்டிப்பதில்லை. ஜெர்மனி, போலந்து, ரஷ்யா வழி வந்தவர்கள் மூன்று வாரமும் கண்டிப்பாக இருப்பார்கள். ஸ்பெயின், பாக்தாத் வழி வந்தவர்களில் பலர் முடி வெட்டுவது, துணி துவைப்பது போன்ற தடைகளை ஒன்பதாம் நாள் வரும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். பழைய சட்டத் தொகுப்பில் உள்ளதே அந்த ஒரு வாரம்தான். பிற்காலத்து மக்கள் தாமாகவே முன்னும் பின்னும் சேர்த்துக்கொண்டே போனார்கள். காலம் செல்லச் செல்லத் துக்கம் குறையும் என்பார்கள். இங்கே கூடியிருக்கிறது!

ஒன்பது நாள்

ஆவ் மாதம் பிறந்ததும் கட்டுப்பாடு இறுகுகிறது. மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மாமிசமும் திராட்சை மதுவும் விலக்கு. கோயிலில் பலியாகச் செலுத்தப்பட்டது மாமிசம். பலிபீடத்தில் வார்க்கப்பட்டது மது. அவை இரண்டும் நின்றுபோனதன் அடையாளம் இது. மும்பையில் மராத்தியர்கள் சிராவண மாதத்தில் மாமிசத்தை விட்டுவிடுவதைத் தமிழர்கள் பார்த்திருப்பார்கள். பல ஆண்டுகளில் இரண்டும் ஒரே சமயத்தில் வந்துவிடும். மராத்தியருக்கு அது விரதம். யூதருக்கு இது துக்கம்.

துணி துவைக்கக் கூடாது. துவைத்து மடித்து வைத்திருப்பதைப் புதிதாக எடுத்து உடுத்தவும் கூடாது. சுகத்துக்காகக் குளிக்கக் கூடாது. வீட்டுக்கு வர்ணம் அடிப்பது, அலங்கார வேலை செய்வது எல்லாம் தள்ளிப் போடப்படும். கோர்ட்டு வழக்கு இருந்தால்கூட வாய்தா வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். இந்த மாதத்தில் அவர்களுக்கு நேரம் சரியில்லை என்பது நம்பிக்கை.

சட்டம் இருந்தால் சந்தும் இருக்குமல்லவா? ஒன்பது நாள் தொடங்கும் முன்பே நாலைந்து சட்டைகளை ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் போட்டுக் கழற்றி வைத்துவிடுவார்கள். அப்புறம் அவை 'புதிதாக உடுத்துபவை' ஆகா! கைக்குழந்தைகளின் துணிக்குத் தடை இல்லை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. வேதசாஸ்திரத்தில் ஒரு பகுதியைப் படித்து முடித்தவர் அதைக் கொண்டாட விருந்து வைக்கலாம். அந்த விருந்தில் மாமிசம் உண்ணலாம். படிப்பின் மகிழ்ச்சிக்கு மட்டும் துக்கம் வழிவிடுகிறது.

சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். அன்று எந்தத் துக்கத்தையும் வெளிப்படையாகக் காட்டக் கூடாது. ஆகையால் ஒன்பது நாளின் இடையே வரும் சனிக்கிழமையில் மாமிசமும் மதுவும் உண்டு. அன்று மாலை ஓய்வு நாளை வழியனுப்பும் சடங்கில் ஒரு கிண்ணம் திராட்சை மது வேண்டும். அதற்குள் துக்கம் திரும்பிவிடுமே, யார் குடிப்பது? வீட்டில் ஒரு சிறு குழந்தையைக் குடிக்கச் சொல்லிவிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு.

சாம்பலும் முட்டையும்

எட்டாம் நாள் பொழுது சாயும் நேரம். உபவாசத்துக்கு முந்திய கடைசி உணவு. இரண்டு விதமான பதார்த்தம் சமைக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து, ரொட்டியும் அவித்த முட்டையும் மட்டும் உண்பார்கள். ரொட்டித் துண்டைச் சாம்பலில் தொட்டுக்கொள்பவர்களும் உண்டு. மூன்று பேர் சேர்ந்து உண்டால் கூட்டுப் பிரார்த்தனை சொல்லவேண்டி வரும். ஆகவே குடும்பமே ஒரே வீட்டில் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித் தனியாக ஒரு மூலையில் உண்கிறார்கள்.

முட்டை ஏன்? சாவு வீட்டில் துக்கம் காப்பவர்களுக்கு முதலில் கொடுக்கும் உணவு முட்டை அல்லது பயறு. இரண்டும் உருண்டை. சக்கரம் போலச் சுழன்று எல்லார் வீட்டுக்கும் வருவது துக்கம் என்பது ஒரு விளக்கம். முட்டைக்கு வாய் இல்லை. துக்கப்படுபவனுக்கும் பேச வாய் இல்லை என்பது இன்னொரு விளக்கம்.

சூரியன் மறைந்ததும் உபவாசம் தொடங்கும். மறுநாள் இரவு வரை சுமார் 25 மணி நேரம். சோறு தண்ணீர் இல்லை. குளியல் இல்லை. எண்ணெய், வாசனைத் தைலம் இல்லை. தாம்பத்தியம் இல்லை. காலில் தோல் செருப்பு இல்லை. ஒன்பதாம் நாள் சனிக்கிழமையில் வந்துவிட்டால் உபவாசம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போகும்.

அன்று ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை. வேதம் படிப்பதும் மகிழ்ச்சி தருவது என்பதால் அதற்கும் தடை. யோபுவின் கதை, எரேமியாவின் துயரப் பகுதிகள் போன்றவற்றை மட்டும் படிக்கலாம்.

இரவில் ஜெப ஆலயத்தில் விளக்குகளைக் குறைத்து விடுவார்கள். வேதச் சுருள்கள் இருக்கும் பேழையின் முன் தொங்கும் அழகிய திரையை எடுத்துவிடுவார்கள். எல்லாரும் தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருவர் எரேமியாவின் புலம்பலைத் தாழ்ந்த குரலில் ராகம் இழுத்துப் படிப்பார். காலையில் பிரார்த்தனைச் சால்வையைப் போர்த்துவதில்லை, அது பிற்பகலுக்குத்தான். விட்டுப் போன நூற்றாண்டுகளின் ஒப்பாரிப் பாடல்கள் நண்பகல் வரை தொடரும்.

நண்பகல் தாண்டியதும் ஒரு மாற்றம். தரையை விட்டு எழுந்து நாற்காலியில் உட்காரலாம். சில ஊர்களில் பெண்கள் வீட்டைப் பெருக்கித் துடைக்கத் தொடங்குவார்கள். கோயில் எரிந்துகொண்டிருந்த நேரம் அதுதானே என்றால், தங்களை மீட்க வரப்போகும் மேசியா பிறக்கும் நாளும் இதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. வரப்போகிறவருக்கு வீடு சுத்தமாக இருக்கவேண்டாமா?

இரவு உபவாசம் முடிந்தாலும் உடனே மாமிசம் கிடையாது. ஒன்பதாம் நாள் மாலை வைத்த தீ பத்தாம் நாளும் எரிந்தது. ஆகையால் பத்தாம் நாள் நண்பகல் வரை காத்திருப்பது வழக்கம்.

தலைகீழ்த் துக்கம்

சாவு வீட்டில் யூதர்கள் காக்கும் துக்கத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாயோ தந்தையோ இறந்தால் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வெளியே போகாமல் கடுந்துக்கம். முப்பது நாள் வரை அதைவிடக் குறைவு. பிறகு ஓராண்டு வரை, இசையும் விருந்தும் மட்டும் விலக்கு. அங்கே துக்கம் மலையிலிருந்து படிப்படியாக இறங்குகிறது.

கோயில் துக்கமோ ஏறுகிறது. முதலில் மூன்று வாரம் இசையும் கல்யாணமும் நிற்கின்றன. பிறகு ஒன்பது நாள் மாமிசமும் மதுவும். கடைசியில் ஒரு நாள் முழு உபவாசம். காரணத்தை அவர்களுடைய அறிஞர்கள் விளக்குகிறார்கள். பெற்றவரை இழந்தவனுக்குத் துக்கம் தானாக வருகிறது. அதை அடக்கி, உலகத்துக்குத் திரும்பி வரத்தான் அவனுக்கு விதிகள் தேவை. பார்த்தே இராத ஒரு கோயிலுக்காக யாருக்கும் கண்ணீர் தானாக வராது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைக்க வேண்டும். அதற்குத்தான் மூன்று வாரம்.

அதோடும் விடவில்லை. யூதர் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் காலால் மிதித்து உடைப்பார். புது வீட்டில் வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழச் சதுரம் பூசாமல் விடும் மரபும் உண்டு. எவ்வளவு சந்தோஷத்திலும் ஒரு முழம் குறை வைத்துக்கொள் என்பது அதன் பொருள்.

அழைப்பு மாறிய கதை

ரோமானியர் இடித்தார்கள் என்பது சரித்திரம். ஆனால் யூத குருமார் அதோடு நிறுத்தவில்லை. நாம் செய்த தவறு என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது கோயில் காலத்தில் படிப்பு இருந்தது, தர்மம் இருந்தது. ஆனால் காரணமில்லாத பகை இருந்தது, அதனால்தான் அழிந்தது என்று முடிவு கட்டினார்கள். அதற்குத் தல்மூது என்னும் பெருநூல் ஒரு கதையும் சொல்கிறது.

ஜெருசலேமில் ஒரு பணக்காரர். அவருக்கு கம்சா என்று ஒரு நண்பன். பர் கம்சா என்று ஒரு விரோதி. ஒரு நாள் விருந்து வைத்து, கம்சாவை அழைத்து வரும்படி வேலைக்காரனை அனுப்பினார். அவன் பெயரைக் குழப்பிக்கொண்டு பர் கம்சாவை அழைத்து வந்துவிட்டான். விரோதி பந்தியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ட பணக்காரர், எழுந்து போகச் சொன்னார்.

பர் கம்சாவுக்கு அவமானம். "வந்ததுதான் வந்துவிட்டேன். சாப்பிட்டதற்கு விலை கொடுத்துவிடுகிறேன், இருக்க விடும்" என்று கெஞ்சினான். முடியாது என்றார். விருந்தின் பாதிச் செலவைத் தருவதாகச் சொன்னான். முடியாது. முழுச் செலவையும் தருவதாகச் சொன்னான். அதற்கும் இணங்காமல், கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். ஊர்ப் பெரியவர்களான குருமார்கள் அதே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனம்தான் பர் கம்சாவைச் சுட்டது. நேரே ரோமானியரிடம் போய், யூதர்கள் கலகம் செய்யப் போகிறார்கள் என்று கோள் மூட்டினான். சோதித்துப் பார்க்கப் பேரரசர் ஒரு கன்றைக் கோயில் பலிக்கு அனுப்பினார். வழியில் பர் கம்சா அதன் உதட்டில் சிறு ஊனம் செய்தான். ஊனமுள்ள கன்றைக் குருமார்கள் ஏற்கவில்லை. பேரரசரின் காணிக்கையையே மறுத்துவிட்டார்கள் என்று பகை மூண்டது. கோயில் எரிந்தது.

கதையில் தப்பு ஒருவர்மேல் மட்டும் இல்லை. விரட்டியவர், பழி வாங்கியவன், பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள் என்று மூவருக்கும் பங்கு இருக்கிறது. ஒன்பது நாட்களில் இந்தக் கதையை நினைவூட்டி, பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் சொந்தக்காரர்களும் பங்காளிகளும் மனம் விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும் என்று குருமார்கள் சொல்கிறார்கள்.

கொங்கணத்தில் வால் பயறு

மகாராஷ்டிரத்து யூதர்களுக்கு 'பெனே இஸ்ரேல்' என்று பெயர். இஸ்ரேலின் மக்கள் என்று அர்த்தம். அலிபாகுக்குப் பக்கத்தில் நவ்காவ் கடற்கரையில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள். அவர்கள் வழி வந்தவர்களே தாங்கள் என்பது அவர்களுடைய ஐதீகம். கொங்கணக் கிராமங்களில் எண்ணெய் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள். அதனால் 'சனிவார் தேலி', சனிக்கிழமைச் செக்கார் என்று ஊரார் பெயர் வைத்தார்கள். எபிரேயம் மறந்து மராத்தி தாய்மொழியாயிற்று. ஆனால் சனிக்கிழமை மறக்கவில்லை.

அவர்களுடைய பண்டிகைகளுக்கும் மராத்திப் பெயர்கள் வந்தன. ஆவ் ஒன்பதுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிர்ட்யாச்சா சண்'. 'பிர்டா' என்பது மொச்சை இனத்தைச் சேர்ந்த வால் பயறை ஊறவைத்து முளைகட்டி, தோலுரித்துச் செய்யும் குழம்பு. லேசான கசப்பு உண்டு. உபவாசத்தை ஒட்டி அந்தப் பயறை உண்பதால் துக்க நாளுக்கே அந்தப் பெயர். ஐரோப்பாவில் அவித்த முட்டை. கொங்கணத்தில் வால் பயறு. துக்கத்துக்கு அந்தந்த மண்ணில் விளைவதுதானே உணவாகும்!

கிராமத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பெனே இஸ்ரேல் மக்கள் கம்பெனிப் படையிலும், பின்னர் அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் குமாஸ்தாக்களாகவும் வேலை பார்த்தார்கள். சாமுவேல் தெரு ஜெப ஆலயத்தைக் கட்டிய சாமுவேல் எசக்கியேல் திவேகரும் கம்பெனிப் படையில் இருந்தவர். மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, உயிர் தப்பி வந்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று சொல்லப்படுகிறது. ஒர்லியில் சாலைக்குப் பெயர் கொடுத்த டாக்டர் ஈ. மோசஸ், 1937-ல் பம்பாய் மேயரானவர், இந்தச் சமூகத்தவரே.

ஆவ் ஒன்பதில் வேலை செய்வதற்கு ஓய்வு நாளைப் போன்ற முழுத்தடை இல்லை. பட்டினியோடு அலுவலகம் போய் வரலாம். தோல் செருப்புக்குப் பதில் கான்வாஸ் அல்லது ரப்பர் செருப்பு. மும்பை மழையில் எல்லார் காலிலும் அதுதான் இருக்கும். பக்கத்து மேஜைக்காரருக்குக்கூட இவர் துக்கம் காக்கிறார் என்று தெரியாது.

யார் அழுவது?

1951 கணக்கெடுப்பின்போது இந்தியாவில் சுமார் 26 ஆயிரம் யூதர்கள் இருந்தார்கள். 1948-ல் இஸ்ரேல் நாடு உருவான பின் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். போன இடத்தில் எல்லாம் சுமுகமாக இருக்கவில்லை. இவர்கள் அசல் யூதர்கள்தானா, கல்யாண சம்பந்தம் செய்யலாமா என்று அங்குள்ள மதகுருமார் 1962-ல் கேள்வி எழுப்பினார்கள். பெனே இஸ்ரேல் மக்கள் போராடினார்கள். 1964-ல்தான் எல்லா வகையிலும் இவர்கள் யூதர்களே என்று இஸ்ரேல் அரசு அறிவித்தது. காரணமில்லாத பகையால் கோயில் போயிற்று என்று அழுதவர்கள், கப்பலேறி வந்த சொந்தக்காரனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். கம்சா கதைக்கு இதைவிட வேறு உரை வேண்டியதில்லை.

இன்று இந்தியாவில் எஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். மகாராஷ்டிர அரசு 2016-ல் அவர்களைச் சிறுபான்மையினராக அங்கீகரித்தது. கூட்டுப் பிரார்த்தனைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும் என்பது பழைய விதி. சனிக்கிழமைக்கே பத்துப் பேர் சேராத ஜெப ஆலயங்கள் கொங்கணத்தில் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெப ஆலயத்தைப் பார்க்க வரும் பயணிகள் கூட்டத்துக்குக் குறைவில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இடிந்த கோயிலுக்கு அழும் மக்கள், இடியாமல் நிற்கும் தங்கள் கோயில்களில் அழுவதற்கு ஆளில்லாமல் தவிக்கிறார்கள்.

ஜெருசலேமில் வேறு விதமான கேள்வி. நாடு கிடைத்துவிட்டது, நகரம் பெரிதாகிவிட்டது, இன்னும் எதற்கு அழுகை என்று கேட்கும் யூதர்கள் உண்டு. கோயில் இல்லையே, பகையும் தீரவில்லையே என்று பதில் சொல்பவர்களும் உண்டு. வாதம் எப்படியானாலும், ஆவ் ஒன்பது இரவில் பழைய கோயில் வளாகத்தின் எஞ்சிய மேற்குச் சுவர் அருகே ஆயிரக்கணக்கானோர் வெறுந்தரையில் உட்கார்ந்து புலம்பல் படிக்கிறார்கள்.

இரவல் புடவை

துக்கம் முடிந்த பின் வரும் ஏழு சனிக்கிழமைகளிலும் ஏசாயா தீர்க்கதரிசியின் ஆறுதல் மொழிகளைப் படிப்பார்கள். மூன்று வாரம் துக்கத்துக்கு. ஏழு வாரம் ஆறுதலுக்கு.

ஆவ் ஒன்பது கழிந்து ஆறாம் நாள் பௌர்ணமி. கோயில் இருந்த காலத்தில் அன்று ஜெருசலேமின் கன்னிப் பெண்கள் வெள்ளை உடை உடுத்தித் திராட்சைத் தோட்டத்தில் நடனமாடுவார்களாம். வாலிபர்கள் அங்கே பெண் பார்ப்பார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. யாரும் சொந்த உடை உடுத்தக் கூடாது. பணக்கார வீட்டுப் பெண்ணும் அடுத்த வீட்டில் இரவல் வாங்கித்தான் உடுத்தவேண்டும். இல்லாத வீட்டுப் பெண் தலை குனியக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பந்தியில் ஒருவனைத் தலை குனிய வைத்ததால் கோயில் போயிற்று என்பது ஒரு கதை. யாரும் தலை குனியாதபடி எல்லாரும் இரவல் உடுத்தி ஆடினார்கள் என்பது இன்னொரு கதை. இரண்டுக்கும் நடுவே ஆறே நாட்கள். மஸ்ஜித் பந்தரில் அடுத்த முறை இறங்கும்போது சாமுவேல் தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். மழைக்காலமாக இருந்து, கதவு பாதி சாத்தி, உள்ளே விளக்கு மங்கலாக எரிந்தால், அங்கே நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து பத்தாவது ஆள் வருகிறாரா என்று காத்துக்கொண்டிருக்கக்கூடும்.